ஒரு ஸ்டில் ஒசாகாவுக்குப் போன கதை

பிரிகிட்டே ஹெல்முக்கு அப்போது 19 வயது. பெர்லினை ஒட்டிய பாபல்ஸ்பெர்க் ஸ்டுடியோவில் அவரை நிற்கவைத்து உடம்புக்கு பிளாஸ்டரில் அச்சு எடுத்தார்கள். சிற்பி வால்டர் ஷுல்ட்சே-மிட்டன்டோர்ஃப் அந்த வார்ப்பின் மேல், காற்றுப் பட்டால் மரம்போல இறுகிவிடும் ஒருவகைப் பசையை அடுக்கடுக்காக அப்பினார். காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி உலோகம்போல மினுங்கும் வண்ணம் பூசினார். அந்தக் கூட்டுக்குள் நின்று நடிப்பது ஹெல்முக்குப் பெரிய வதையாக இருந்தது. திரையில் பார்த்தவர்களுக்கோ அது இரும்பில் வார்த்த பெண்ணாகவே தெரிந்தது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் இயந்திரப் பெண் அவள்தான். படப்பிடிப்பு 1925 மே மாதம் தொடங்கி 1926 அக்டோபர் வரை இழுத்தது. 15 லட்சம் மார்க்கில் முடிக்க நினைத்த படம் 50 லட்சத்தைத் தாண்டியது. படத்தைத் தயாரித்த ஊஃபா கம்பெனியே ஆட்டம் கண்டது.

நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களை 1924 அக்டோபரில் கப்பலிலிருந்து பார்த்தபோதுதான் இந்தப் படம் தனக்குத் தோன்றியது என்று லாங் ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தார். நல்ல கதைதான். ஆனால் அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பூ திரைக்கதை வேலையில் இறங்கிவிட்டார். படத்தின் கதை அவருடையது. நாவலாகவும் அவரே எழுதினார். ஃபான் ஹார்பூவுக்கு நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு. லாங்கைப் பிரிந்தபின் அவர் ரகசியமாக மணந்துகொண்டது பெர்லினில் இருந்த இந்தியப் பத்திரிகையாளர் ஆயி டெண்டுல்கரை. அதே ஃபான் ஹார்பூ நாஜிக் கட்சியில் சேர்ந்தவரும்கூட. லாங் ஜெர்மனியை விட்டே போனார். அதெல்லாம் தனிக் கதை.

படத்தின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். மேலே தோட்டங்களும் விளையாட்டு அரங்கங்களும், பாதாளத்தில் தொழிலாளர்கள். நகரத்தின் அதிபதி யோ ஃபிரெடர்சன். கண்டுபிடிப்பாளன் ரோட்வாங். இருவரும் ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் பெயர் ஹெல். அவள் ஃபிரெடர்சனை மணந்து, அவனுக்கு ஒரு மகனைப் பெற்றுத் தந்துவிட்டு இறந்துபோனாள். அவளை மீண்டும் உண்டாக்கத்தான் ரோட்வாங் இயந்திரப் பெண்ணைச் செய்கிறான். ஃபிரெடர்சன் அவளைப் பறித்து, தொழிலாளர்கள் தெய்வம்போல மதிக்கும் மரியாவின் முகத்தை அவளுக்குப் போடச் சொல்லி, கலகத்தைத் தூண்டும் கருவியாக்குகிறான். கடைசியில் அவளைக் கட்டிவைத்து எரிக்கிறார்கள். தீயில் தோல் உருகி உலோகம் வெளியே தெரிகிறது. இரண்டரை மணிநேரப் படத்தில் அந்த இயந்திரத்துக்கு என்ன தோன்றியது, அதற்கு வலித்ததா என்று யாரும் ஒரு கணம்கூடக் கேட்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதல் காட்சி. அந்த முழு நீளப் படத்தை மிகச் சிலரே பார்த்தார்கள். அமெரிக்காவில் வெளியிட பாரமவுண்ட் நிறுவனம் அதைச் சுருக்கும் வேலையை நாடகாசிரியர் சானிங் பொல்லாக்கிடம் ஒப்படைத்தது. ஹெல் என்ற பெயர் ஆங்கிலத்தில் நரகம் என்று ஒலிக்கும் என்ற பயத்தில் அவளையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இயந்திரப் பெண் இருந்தாள். அவளை ஏன் செய்தார்கள் என்பதற்கான காரணம் குப்பைக்குப் போனது. ஜெர்மனியிலும் பிறகு வெட்டப்பட்ட வடிவமே ஓடியது. ஹெச்.ஜி. வெல்ஸ் வேறு ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். வருங்காலத்தைப் பற்றி இவ்வளவு அசட்டுத்தனமாக ஒரு படமா என்பது அவர் கட்சி. பத்து ஆண்டுகள் கழியும் முன்பே, தான் எழுதிய ‘திங்ஸ் டு கம்’ படத்துக்கு வேலை செய்தவர்களுக்கு அவர் தந்த அறிவுரையின் சாரம் இதுதான்: லாங் என்ன செய்தாரோ அதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள்.

இந்தச் சண்டை எதுவும் எட்டாத தொலைவில், ஒசாகா மாகாணத்தின் டொயோனாகாவில் 1928 நவம்பர் 3 அன்று ஒரு குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு ‘மெட்ரோபோலிஸ்’ ஜப்பானுக்கு வந்தபோது அது கைக்குழந்தை. படத்தைப் பார்க்கும் வாய்ப்பு எப்படி இருந்திருக்கும்? ஒசாமு தெசூகா என்கிற அந்தப் பையன் வளர்ந்தது தகராசூகா என்ற ஊரில். பெண்களே ஆண் வேடமும் கட்டி ஆடும் இசை நாடகக் குழுவுக்குப் பேர்போன ஊர் அது. வீட்டில் அப்பா ஒரு சிறிய பாத்தே புரொஜெக்டர் வைத்து சாப்ளினையும் டிஸ்னியையும் ஓட்டிக் காட்டுவார். போர்க்காலத்தில் மாணவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். 1945 ஜூனில் ஒசாகா மீது குண்டு விழுந்தபோது தெசூகா ஆயுதத் தொழிற்சாலையின் கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றுகொண்டிருந்தார். உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அதன்பின் மருத்துவம் படித்தார், படித்துக்கொண்டே மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளை வரைந்தார்.

போருக்குப் பிந்தைய ஒசாகாவில் ‘அகாஹோன்’ என்றொரு புத்தக வகை செழித்தது. சிவப்பு மேலோங்கிய அட்டை, மட்டமான காகிதம். பொம்மைக் கடைகளிலும் மிட்டாய்க் கடைகளிலும் தொங்கும். டோக்கியோவின் மதிப்பான பதிப்பகங்கள் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் வரைகிறார், எதிலிருந்து எடுத்தார் என்று கேட்பாரும் இல்லை. தின்பதற்கே வழியில்லாத நகரத்தில் குழந்தைகள் அவற்றை வாங்கித் தீர்த்தார்கள். 1947இல் ஷிச்சிமா சகாயின் கதைக்குத் தெசூகா வரைந்த ‘புதிய புதையல் தீவு’ 4 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள். கணக்கு சற்று முன்பின் இருக்கலாம். அந்தப் பையனின் பெயர் விற்கும் என்று பதிப்பாளர்களுக்குத் தெரிந்துபோனது மட்டும் உறுதி.

அடுத்த சில ஆண்டுகளில் தெசூகா பெரிய அறிவியல் புனைவுகள் மூன்று வரைந்தார். 1948இல் ‘மறைந்த உலகம்’. 1949இல் ‘மெட்ரோபோலிஸ்’. 1951இல் ‘வரப்போகும் உலகம்’. மூன்று தலைப்புகளுமே மேற்கிலிருந்து வந்தவை. முதலாவது கோனன் டாயிலின் 1912ஆம் ஆண்டு நாவல். இரண்டாவது லாங்கின் படம். மூன்றாவது, வெல்ஸ் எழுதிய அதே ‘திங்ஸ் டு கம்’ ஜப்பானில் ஓடியபோது வைத்த பெயர். லாங்கையும் லாங்கைத் திட்டியவரையும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார் அந்த மருத்துவ மாணவர்.

தலைப்பைத் தாண்டி உள்ளே போனால் மேற்கத்திய மூலத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டாயிலின் டைனோசர்கள் தென்னமெரிக்கப் பீடபூமி ஒன்றில் வாழ்பவை. தெசூகாவின் டைனோசர்கள் பூமியை நெருங்கிவரும் வேற்றுக் கோள் ஒன்றில் இருக்கின்றன. வெல்ஸின் படம் போரால் அழிந்து விஞ்ஞானத்தால் மீளும் ஒரு நகரத்தைப் பற்றியது. தெசூகாவின் கதையில் இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டு நிற்க, அணுச் சோதனையில் பிறந்த குட்டி மனித இனம் ஒன்று மனிதர்களைக் கண்டு தலையில் அடித்துக்கொள்கிறது. அப்போது அமெரிக்கப் படை ஜப்பானை விட்டு இன்னும் போகவில்லை. அணுகுண்டு விழுந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன.

‘மெட்ரோபோலிஸ்’ விஷயம் இன்னும் விசித்திரம். தெசூகா பின்னாளில் சொன்னபடி, அதை வரையும்போது அவர் லாங்கின் படத்தைப் பார்த்திருக்கவில்லை, கதையும் தெரியாது. பத்திரிகை ஒன்றில் வந்த ஒரே ஒரு ஸ்டில்லைத்தான் பார்த்திருந்தார். இயந்திரப் பெண் உயிர் பெறும் காட்சி அது. அதுவும் நகரத்தின் பெயரும் போதுமானதாக இருந்தன.

இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் கலைஞர்கள் உலகெங்கும் உண்டு. தழுவல் என்று ஒப்புக்கொள்வதைவிட ‘ஒரு படம் பார்த்தேன்’ என்பது கௌரவம். ஆனால் தெசூகாவின் புத்தகத்தை எடுத்துப் படித்தால் அவரை நம்பத்தான் தோன்றுகிறது. பாதாளத் தொழிலாளர்கள் இல்லை. முதலாளியின் மகன் இல்லை. மூளைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டும் என்ற ஃபான் ஹார்பூவின் பிரசங்கமும் இல்லை. படத்தைப் பார்த்த எவரும் இத்தனையையும் தவிர்த்திருக்க முடியாது, ஒன்றிரண்டாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

இருப்பது இதுதான். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகுகின்றன. அதன் கதிர்வீச்சில் டாக்டர் லாட்டன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செயற்கை உயிரணுக்கள் உயிர் பெறுகின்றன. பெயர், ஆங்கில நடிகர் சார்லஸ் லாட்டனிடமிருந்து கைமாற்று. ரெட் கட்சி என்ற ரகசியக் கும்பலின் தலைவன் ரெட் பிரபு அந்த உயிரணுக்களைக் கொண்டு அபார சக்தி படைத்த செயற்கை மனிதனைச் செய்யச் சொல்கிறான். ஒரு சிலையின் முகத்தை மாதிரியாக வைத்து டாக்டர் செய்கிறார். செய்தபின் மனசு கேட்கவில்லை. ஆய்வுக்கூடம் எரிந்துபோனதாக நாடகமாடிவிட்டு, தான் உண்டாக்கியதைத் தன் பிள்ளையாகவே வளர்க்கிறார். அதன் பெயர் மிச்சி. மிச்சிக்குப் பறக்கத் தெரியும். தொண்டைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பையன் பெண்ணாகவும் பெண் பையனாகவும் மாறலாம். தான் யார் என்பது மட்டும் மிச்சிக்குத் தெரியாது.

டாக்டர் கொல்லப்படுகிறார். ஜப்பானிலிருந்து வந்த மீசைக்காரத் துப்பறிவாளர் ஹிகெயோயாஜியும் அவருடைய மருமகன் கெனிச்சியும் மிச்சியைத் தங்களோடு வைத்துக்கொள்கிறார்கள். மிச்சி பள்ளிக்கூடம் போகிறது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா அம்மா இருக்க, தன்னுடைய அப்பா அம்மா எங்கே என்று தேடத் தொடங்குகிறது. கதையின் இரண்டாம் பாதி முழுக்க அந்தத் தேடல்தான். ரெட் பிரபு ஒருநாள் உண்மையைப் போட்டு உடைக்கிறான்: உனக்குப் பெற்றோர் கிடையாது, நீ செய்யப்பட்டவன். மிச்சியின் அழுகை வெறியாக மாறுகிறது. ரெட்டிடம் அடிமைகளாக உழைத்த ரோபோக்களைத் திரட்டிக்கொண்டு நகரத்தின் மேல் பாய்கிறது. உயரமான கட்டடத்தின் உச்சியில் நண்பன் கெனிச்சியோடு மோதும் நேரத்தில் சூரியனின் கரும்புள்ளிகள் மறைந்துபோக, மிச்சியின் உடல் உருகத் தொடங்குகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வகுப்புத் தோழர்கள் சூழ்ந்து நிற்க உயிர் பிரிகிறது.

லாங்கின் படத்தில் இயந்திரம் எரிந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. இங்கே செயற்கைப் பிள்ளை உருகும்போது எல்லோரும் அழுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு உலகப் போர் இருக்கிறது. 1949 ஒசாகாவின் ரயில் நிலையங்களிலும் சந்தைகளிலும் அப்பா அம்மா எங்கே என்று தேடிய பிள்ளைகள் நிஜமாகவே இருந்தார்கள். மிட்டாய்க் கடையில் புத்தகத்தை வாங்கியவர்களும் அவர்கள் வயதுக்காரர்கள்தான். மிச்சியின் கேள்வியை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆணும் பெண்ணுமாய் மாறும் அந்த உடம்பும் பெர்லினிலிருந்து வந்ததல்ல. தகராசூகா மேடையில் நாள்தோறும் நடந்த விஷயம் அது. டிஸ்னியும் உள்ளே இருக்கிறார். கதிர்வீச்சால் பூதாகரமாக வளர்ந்த எலிகள் மிக்கி மவுஸ் சாயலில் வந்து மிரட்டுகின்றன. அவற்றுக்கு ‘மிக்கிமவுஸ் வால்ட்டிஸ்னியஸ்’ என்று லத்தீன் பாணியில் பெயர் வேறு. குறும்புக்கும் திருட்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால் 20 வயது தெசூகா சிரித்திருப்பார்.

என் கட்சி இதுதான். ஒரு கதை நாடு கடக்கும்போது முழுசாகப் போய்ச் சேர்ந்தால், சேர்ந்த இடத்தில் அதற்கு மரியாதை கிடைக்கும். துண்டாகப் போனால் சந்ததி கிடைக்கும். முழுப் படத்தையும் பார்த்திருந்தால் தெசூகா நல்லதொரு தழுவலை வரைந்திருப்பார். ஸ்டில் மட்டும் கிடைத்ததால் அந்த இயந்திரத்துக்கு ஒரு மனசைத் தானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

மிச்சியின் கதை அங்கே முடியவில்லை. 1951 ஏப்ரலில் ‘ஷோனென்’ மாத இதழில் தெசூகா தொடங்கிய தொடரில் ரோபோப் பையன் ஒருவன் வந்தான். அடுத்த ஆண்டு அவன் பெயரிலேயே தனித் தொடர். ஜப்பானில் ‘டெட்சுவான் அட்டம்’, பிற நாடுகளில் ‘ஆஸ்ட்ரோ பாய்’. அவன் பறப்பதும், மனிதர்களுக்கும் ரோபோக்களுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிப்பதும் மிச்சியின் சொத்து. அவன் பிறப்பைப் பாருங்கள்: விபத்தில் மகனைப் பறிகொடுத்த டாக்டர் டென்மா, அந்தத் துக்கம் தாளாமல் மகன் சாயலில் ஒரு ரோபோவைச் செய்கிறார். இறந்தவளைத் திரும்பக் கொண்டுவர இயந்திரம் செய்த ரோட்வாங்கின் கதையேதான். பொல்லாக்கின் கத்தரிக்கோல் வெட்டி எறிந்ததை, அது இருந்ததே தெரியாத ஒருவர் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார். பினோக்கியோவும் இதில் பாதிப் பங்காளி என்று சொல்லலாம். வளராத பிள்ளையைப் பார்த்து அலுத்துப்போன டென்மா அதை சர்க்கஸுக்கு விற்றுவிடுவது லாங் எட்டிக்கூடப் பார்க்காத இருட்டு.

1963 ஜனவரி 1 அன்று அட்டம் ஃபுஜி தொலைக்காட்சியில் அசையத் தொடங்கினான். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஆங்கிலம் பேசினான். பெர்லினில் புறப்பட்ட ஒரு பிம்பம் ஒசாகாவில் குழந்தையாகி, ஹாலிவுட்டின் நாட்டுக்கே ஏற்றுமதியானது. அதைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அவன் ஜப்பான்காரன் என்பதே தெரியாது. தெரியாதது நல்லதுதான் என்று விற்றவர்கள் நினைத்தார்கள்.

அந்த ஸ்டில்லுக்கு வேறொரு வழியும் இருந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ரால்ஃப் மெக்வாரி சி-த்ரீபிஓ ரோபோவை வரைந்தபோது அவர் கண்முன் இருந்தவள் இதே இயந்திரப் பெண். அவளை ஆணாக்கி, பொன்முலாம் பூசி, எதற்கெடுத்தாலும் பயப்படும் வேலைக்காரனாக மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்தின் கதையிலும் பாதி ஜப்பானுடையது. இயக்குநர் குரோசாவாவின் 1958ஆம் ஆண்டுப் படமான ‘மறைந்த கோட்டை’யில் சண்டை போட்டுக்கொண்டே அலையும் இரண்டு விவசாயிகள்தான் தன் இரண்டு ரோபோக்களுக்கும் மூலம் என்று ஜார்ஜ் லூகாஸ் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

1997இல் ஹிசாவோ தமாகி ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தை மங்காவாக வரைந்தார். ஜெர்மன் இயந்திரத்தின் உடம்பும் ஜப்பானிய விவசாயியின் வாயும் கொண்ட ரோபோ அமெரிக்காவைச் சுற்றிவிட்டு ஜப்பானியக் காகிதத்துக்கு வந்துசேர்ந்தது. தெசூகா மூலத்தைப் பார்க்காமல் வரைந்தவர். தமாகியின் மூலத்திலோ ஒவ்வொரு காட்சியையும் உலகமே மனப்பாடமாக அறிந்திருந்தது. வசனத்தில் கைவைக்க முடியாது. அவர் கைவைத்தது நேரத்தின் மேல். படத்தில் நொடியில் கடக்கும் அசைவு மங்காவில் பக்கம் பக்கமாக விரிகிறது. பேச்சில்லாத கட்டங்கள், கண்ணை மட்டும் காட்டும் கட்டங்கள், வேகக் கோடுகளால் நிரம்பிய இரட்டைப் பக்கங்கள். லூக்கின் முகத்தில் லூகாஸ் படத்தில் இல்லாத ஒரு பதின்வயதுக் கோபம் ஏறிவிடுகிறது. அடுத்த ஆண்டு டார்க் ஹார்ஸ் பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. 1999இல், அயல்நாட்டுப் படைப்பின் சிறந்த அமெரிக்கப் பதிப்பு என்று காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதும் கொடுத்தார்கள். அமெரிக்கர்களின் ஆகப் பெரிய கதைக்கு அமெரிக்காவிலேயே அயல்நாட்டுப் பிரிவில் பரிசு. விழாவில் யாராவது புன்னகைத்திருக்க வேண்டும்.

இதற்காகத் தமாகியைக் குறைத்துச் சொல்லவில்லை. மூலத்தை மதித்து வரைவதிலும் பெரிய கலை இருக்கிறது. மோதோ ஹாகியோவை எடுத்துக்கொள்ளலாம். தெசூகாவின் ‘மெட்ரோபோலிஸ்’ வந்த அதே 1949இல் பிறந்தவர். தெசூகாவைப் படித்து மங்காவுக்கு வந்தவர். 1977-78இல் ரே பிராட்பரியின் சிறுகதைகளைச் சிறுமிகளுக்கான வார இதழ் ‘மார்கரெட்’டில் வரைந்தார். ராக்கெட் கனவு காணும் பையன்கள், ஏரியில் தொலைந்துபோன தோழி, ஒரு பூதக் குடும்பத்தின் ஒன்றுகூடல். அமெரிக்க நடுமேற்குச் சிற்றூர்களின் இலையுதிர்காலம் அப்படியே இருக்கிறது. கதைகளை அவர் அனேகமாக மாற்றவில்லை. ஆனால் பிராட்பரி வாக்கியங்களில் வைத்த ஏக்கத்தை ஹாகியோ வெள்ளை இடத்தில் வைத்தார். கட்டத்தின் கோடுகள் கரைந்து, தண்ணீரும் கூந்தலும் பக்கத்தின் விளிம்பைத் தாண்டி ஓடும். அறிவியல் புனைவு பையன்கள் விவகாரம் என்று நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் ஒருசேர நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அது ஜப்பானியச் சிறுமிகளின் கைக்கு வாராவாரம் போனது.

யுகினோபு ஹோஷினோ செய்தது வேறு மாதிரி. ஜேம்ஸ் பி. ஹோகன் 1977இல் எழுதிய ‘இன்ஹெரிட் த ஸ்டார்ஸ்’ நாவலில் சண்டை இல்லை, காதல் இல்லை. நிலவில் 50,000 ஆண்டு பழைய மனிதப் பிணம் ஒன்று விண்வெளி உடையோடு கிடைக்கிறது. விஞ்ஞானிகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். அவ்வளவுதான். எழுதியவர் நாட்டில் அதை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு. ஜப்பானில் அது தலைமுறை தாண்டிய பிரியம். 1981இல் அறிவியல் புனைவுக்கான ஜப்பானின் செய்யுன் விருது பெற்றது. ஹோஷினோ 2011இல் அதை மங்காவாகத் தொடங்கி, 2013இல் காமிக்ஸுக்கான அதே விருதை வாங்கினார். ஒரு நூல் எங்கே எழுதப்பட்டது என்பதை வைத்து அதன் சொந்த ஊரைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தெசூகா 1989 பிப்ரவரி 9 அன்று இறந்தார். 12 ஆண்டுகள் கழித்து, 2001 மே மாதம், அவருடைய ‘மெட்ரோபோலிஸ்’ அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் திரைப்படமாக வந்தது. இயக்கியவர் ரின்தாரோ, இளவயதில் தெசூகாவின் முஷி ஸ்டுடியோவில் அட்டம் தொடரில் வேலை பார்த்தவர். திரைக்கதை ‘அகிரா’ புகழ் கட்சுஹிரோ ஓதோமோ. இவர்கள் இருவரும் லாங்கின் படத்தைப் பார்த்தவர்கள். வித்தியாசம் அங்கேதான்.

தெசூகா விட்டதையெல்லாம் இவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுக்கடுக்காக இறங்கும் பாதாள நகரம் வந்தது. வானத்தைத் தொடும் கோபுரம் வந்தது. வேலையிழந்த தொழிலாளர்களின் கலகம் வந்தது. மிச்சி போய், டீமா என்ற சிறுமி வந்தாள். ரெட் பிரபு தன் இறந்துபோன மகளின் சாயலில் அவளைச் செய்யச் சொல்கிறான். 1927இல் கத்தரித்த ஹெல், மங்காவில் தலைகாட்டாத ஹெல், மகள் உருவில் திரும்பி வந்துவிட்டாள். மங்காவில் இல்லாத ராக் என்ற தெசூகாவின் பழைய பாத்திரத்தையும் வளர்ப்பு மகனாக்கி, வெறும் பொறாமையால் துப்பாக்கி தூக்கவைத்தார்கள். ஜாஸ் இசை படம் முழுக்க ஓடுகிறது. கோபுரம் சரிந்து நகரமே தூள்தூளாகும்போது பின்னணியில் ரே சார்ல்ஸின் காதல் பாட்டு. முதல்முறை பார்ப்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். அமெரிக்காவில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரம் தந்தார். தெசூகாவின் மூல மங்காவே 2003இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. பேரனைப் பார்த்த பிறகுதான் அமெரிக்கர்கள் அப்பனைத் தேடினார்கள்.

படம் அழகு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. டீமா கதை முழுக்க யாரோ ஒருவரால் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே இருக்கிறாள். மிச்சிக்குக் குறும்பு உண்டு, பள்ளிக்கூடச் சண்டை உண்டு, கோபம் தானாக வளர்ந்து தானாக வெடிக்கும். டீமாவை ஒரு சிம்மாசனத்தில் உட்காரவைத்ததும் இயந்திரம் அவளை எடுத்துக்கொள்கிறது. தெசூகா கொடுத்த மனசில் பாதியை, லாங்கிடம் திரும்பிப் போன வழியில் தவறவிட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. மூலத்தை நன்கு அறிந்தவர்கள் மூலத்துக்குக் கடன்பட்டுவிடுகிறார்கள்.

அதே 2001இல் லாங்கின் படம் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. கிடைத்த துண்டுகளை எல்லாம் சேர்த்துச் செப்பனிட்ட பதிப்பும் அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் ஓடியது. கால்வாசி இன்னும் காணாமல்தான் இருந்தது. 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்.எம். பிரதி அகப்பட்டது. படம் வந்த காலத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்த முழுநீளப் பிரதியிலிருந்து பின்னால் எடுத்த நகல் அது; கீறல் மழை பெய்கிறது. ஆனால் ஏறத்தாழ 25 நிமிடம் புதிதாகக் கிடைத்தது. ஹெல்லின் நினைவுச்சிலை முன்னால் ரோட்வாங்கும் ஃபிரெடர்சனும் நிற்கும் காட்சியும் அதில் இருந்தது. 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரும்பத் திரையிட்டார்கள். இயந்திரப் பெண் ஏன் உண்டாக்கப்பட்டாள் என்று 83 ஆண்டுகள் கழித்து அந்த ஊர்க்காரர்கள் திரையில் மறுபடி பார்த்தார்கள். ஷுல்ட்சே-மிட்டன்டோர்ஃப் செய்த அசல் கூடு என்றைக்கோ தொலைந்துபோயிற்று. பின்னாளில் அவரே செய்துகொடுத்த நகல் பாரிஸில் சினிமாதெக் திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது.

மூன்று ‘மெட்ரோபோலிஸ்’களையும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலவரிசைப்படி போக வேண்டாம். தெசூகாவின் மங்காவில் தொடங்குங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். கோடுகள் குழந்தைத்தனமாகத் தெரியும், எலிகள் வரும் இடத்தில் சிரிப்பும் வரும், கடைசிப் பத்துப் பக்கங்களில் சிரிப்பு நின்றுவிடும். அதன்பின் லாங்கின் படத்தை 2010 பதிப்பில் பாருங்கள்; சுருக்கிய பிரதிகள் பல உலவுகின்றன, அவற்றைத் தொட வேண்டாம். ரின்தாரோவின் படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்தால் பெரிய திரையில். மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால், என் வாக்கு மங்காவுக்கு.